குடிச்சியா?

எங்கள் சபையில் சாட்சி சொல்ல நான்கு நிமிடம் கொடுப்பார்கள். அதைத் தாண்டினால் பாஸ்டர் மெல்ல இருமுவார். 2019 ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் மிஷன் ட்ரிப் போய்வந்த அடுத்த ஞாயிறு நான் சாட்சி சொன்னேன். இருமல் வரவில்லை. பின்னால் திரையில் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது நிமிடத்தில், ஒரு செமாய் அம்மா இரவில் எனக்கு நீட்டிய தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். "ஒண்ணுமே இல்லாதவங்க, இருக்கிறத எங்களுக்குக் குடுத்தாங்க. அந்தத் தண்ணிய நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது. சபை ஆமென் சொன்னது. பெண்கள் ஐக்கியத்து ஆன்ட்டி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறக்க மாட்டேன் என்று சொன்னது உண்மைதான். அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

*

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். எங்களுடையது சின்னத் தமிழ்ச் சபை. காலையில் ஆராதனை, முடிந்ததும் கீழே மண்டபத்தில் ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவோம். வாலிபர் கூட்டத்தில் பதினெட்டுப் பேர். வருடத்துக்கு ஒருமுறை மிஷன் ட்ரிப் போவது எங்கள் வழக்கம். அதற்காக ஆறு மாதத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். சபை வாசலில் கார் கழுவுவோம், கேக் விற்போம். அப்படிச் சேர்த்த வெள்ளியில் அரிசி, மெகி, சார்டின் டின், பிள்ளைகளுக்குப் பென்சில் பெட்டி என்று வாங்குவோம். கித்தார் ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று, பத்தடி நீளத்தில் பேனர் ஒன்று. பேனரில் சபையின் பெயர், வருடம், ஒரு வசனம், சிலுவைக்குப் பின்னால் சூரிய உதயம். அது இல்லாமல் குரூப் ஃபோட்டோ எடுக்க முடியாது.

அந்த வருடம் தாப்பாவுக்கு உள்ளே, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு செமாய் கிராமத்துக்குப் போனோம். ஓராங் அஸ்லி என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் தீபகற்பத்துப் பூர்வகுடிகளை அரசாங்கம் பதினெட்டுப் பிரிவாகக் கணக்கிடுகிறது. அவற்றில் பெரியது செமாய். பேராக்கிலும் பகாங்கிலும் அதிகம் இருக்கிறார்கள். ஓராங் அஸ்லி துறைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தோம். கிளம்புவதற்கு முந்தைய நாள் எங்களை நடத்திச் சென்ற அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். கொசு மருந்து, டார்ச், முட்டிக்குக் கீழே வரும் உடை என்று வரிசையாக இருந்தது. ஏழாவது குறிப்பு இப்படி: "அங்கே கொடுக்கும் எதையும் சாப்பிட வேண்டாம், குடிக்க வேண்டாம். போத்தல் தண்ணீர் மட்டும். அன்பாக மறுக்கவும்."

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். பதினெட்டுப் பேரையும் பெற்றோர் அவரை நம்பித்தான் அனுப்பினார்கள். முன்பு ஒரு பயணத்தில் யாருக்கோ வயிற்றுப்போக்கு வந்து பெரிய பிரச்சனை ஆகியிருந்தது. அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. "அன்பாக மறுக்கவும்" என்ற வார்த்தை கூட நன்றாக இருப்பதாக நினைத்தேன்.

மூன்று ஃபோர்வீலில் பதினொரு மணிக்குப் போய் இறங்கினோம். முப்பது வீடு இருக்கும். சில அரசாங்கம் கட்டிக்கொடுத்த கல்வீடுகள், மற்றவை மூங்கிலும் பலகையும். மேலே ஓடையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி வந்தது. நடுவில் தகரக் கூரை போட்ட சின்னத் தேவாலயம். அதைப் பார்த்துக்கொள்பவர் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு தாத்தா. நான் அவரைப் பாக்சிக் என்றுதான் கூப்பிட்டேன். அவரிடம் மலாயில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அவருடைய அப்பாவே கிறிஸ்தவர் என்று. 1930களில் மெதடிஸ்ட் சபை இந்தப் பகுதியில் ஊழியம் தொடங்கியபோது சுமாத்திராவிலிருந்து வந்த பாத்தாக் ஊழியர்கள் இங்கேயே தங்கி, இவர்கள் மொழியைக் கற்று, இவர்களோடு வாழ்ந்திருக்கிறார்கள். அந்த ஊழியத்துக்கு வைத்த பெயரே செங்ஙோய். செமாய் மொழியில் மனிதர் என்று அர்த்தமாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பாட்டி ஞானஸ்நானம் பெற்றது மெர்டேக்கா வருடத்தில், 1957இல். பாக்சிக்கின் குடும்பம் எங்கள் குடும்பத்துக்கு முன்னாலேயே விசுவாசத்துக்கு வந்துவிட்டது. நாங்களோ அங்கே சுவிசேஷம் சொல்ல கித்தாரோடு போயிருந்தோம்.

எங்களுக்காகச் சமைத்து வைத்திருந்தார்கள். மூங்கிலில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஆற்று மீன், ஏதோ கீரை. பாயில் வாழை இலை விரித்துத் தயாராக இருந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துச் சிரித்தபடி மலாயில் நன்றி சொன்னார். வழியிலேயே சாப்பாடு வாங்கி வந்துவிட்டோம், வீணாகிவிடும் என்றார். அது பொய்யும் இல்லை. காலை நான்கு மணிக்குக் கிள்ளானில் கட்டிய நாசி லெமாக் பதினெட்டுப் பொட்டலம் கூலர் பெட்டியில் இருந்தது. தேவாலயத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததால் யாரோ கதவைச் சாத்தினார்கள். நாங்கள் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது இலையில் இருந்ததெல்லாம் எடுக்கப்பட்டிருந்தது. பாயையும் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

அன்று மாலை கிராமத்தைச் சுற்றிப் படம் எடுத்தேன். ஒரு வீட்டின் அடுப்படிக்குச் சுவராகப் பேனர் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கோழிக்கூண்டின் மேல் இன்னொன்று. கிழங்கு காயப்போட்ட இடத்தில் மற்றொன்று. வெவ்வேறு சபைகள், வெவ்வேறு வருடங்கள். எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிக் கட்டியிருந்தார்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் சபைதான், 2013. அக்கா போன வருடம். சூரிய உதயம் மங்கிப்போயிருந்தது, ஆனால் மழை ஒழுகவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு முதலில் ஒரு தம்பி வாந்தி எடுத்தான். பிறகு ஒரு தங்கச்சி, பிறகு நான். நாங்கள் பத்திரம் என்று நம்பிக் கொண்டுபோன நாசி லெமாக்கின் சம்பல் சூட்டில் கெட்டுப்போயிருந்தது. பெண்பிள்ளைகள் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். அந்த வீட்டு அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். ஏதோ இலையைப் போட்டுக் காய்ச்சிய வெந்நீரைத் தகரக் குவளையில் கொண்டுவந்து கொடுத்தார். "மினும்" என்றார். குடி என்று ஒரே வார்த்தை. புகை வாசம் அடித்தது. குவளையின் ஓரத்தில் எனாமல் உதிர்ந்து கறுத்திருந்தது. வாங்கிக்கொண்டேன். அவர் தங்கச்சியின் முதுகைத் தடவிக்கொடுக்கத் திரும்பினார். நான் குவளையைத் தரையோரம் சாய்த்தேன்.

அது பிளந்த மூங்கில் பரப்பிய தரை. தண்ணீர் இடுக்கு வழியாகக் கீழே மண்ணில் விழுந்த சத்தம் நன்றாகவே கேட்டது. கீழே படுத்திருந்த நாய் உதறிக்கொண்டு எழுந்தது. அந்த அம்மா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, குவளையைப் பார்த்தார். கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்க் கழுவி மாட்டினார். காலையில் அதே முகத்தோடு எங்களை வழியனுப்பினார். குரூப் ஃபோட்டோவில் என் பக்கத்தில்தான் நிற்கிறார்.

*

சாட்சி சொன்ன அன்று மதியம் வீட்டுக்கு வந்து பாட்டிக்குச் சோறு போட்டேன். அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. காது கேட்காது என்று நாங்கள் நினைப்போம். எது கேட்க வேண்டுமோ அது கேட்கும்.

"அந்தப் பொம்பள குடுத்த தண்ணிய குடிச்சியா?"

"ஏன் பாட்டி?"

"மறக்க மாட்டேன்னுதான் சொன்ன. குடிச்சேன்னு சொல்லலியே. அதான் கேட்டேன்."

பாஸ்டருக்குப் பிடிபடாதது, நூறு பேருக்குப் பிடிபடாதது, பாட்டிக்குப் பிடிபட்டுவிட்டது. நான் ஏழாவது குறிப்பைச் சொன்னேன். கிருமி என்றேன், காய்ச்சாத தண்ணீர் என்றேன். காய்ச்சிய தண்ணீர்தான் என்பது சொல்லும்போதே நினைவுக்கு வந்தது. பாட்டி ஒன்றும் சொல்லாமல் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலேயே, தன் தோட்டத்துக் கதையைச் சொன்னார்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். 1948 ஜூனில் அந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் வந்தபோது பாட்டிக்குப் பத்து வயது. லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலிக்குள்ளேயும் ஒரு வேலி இருந்தது, அது கண்ணுக்குத் தெரியாது. பாட்டியின் குடும்பம் ஆற்றோரம் கடைசி லயத்தில். எங்கள் சாதிப் பெயரைப் பாட்டி வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. "நாங்க கடைசி லயத்துக்காரங்க" என்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் கிராணி வீட்டு அம்மா திருவிழா வரி வாங்க லயம் லயமாக வந்திருக்கிறார். நல்ல வெயில். பாட்டியின் அம்மா வீட்டில் இருந்த ஒரே பித்தளை டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து, காப்பி கொடுத்திருக்கிறார். கிராணி வீட்டம்மா நல்லவர், முகம் சுளிக்கவில்லை, சிரித்தபடி வாங்கிக்கொண்டார். பேசிக்கொண்டே வீட்டுப் பக்கவாட்டுக்குப் போனார். வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்து, காலி டம்ளரைப் படியில் வைத்தார். பாட்டி ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவும் பாத்துட்டாங்க. ஒண்ணும் சொல்லல. டம்ளர எடுத்து உள்ள வச்சாங்க. அப்புறம் விருந்தாளிக்குன்னு அத எடுக்கவே இல்ல."

சில வருடம் கழித்து டவுனிலிருந்து உபதேசியார் ஒருவர் சைக்கிளில் வரத் தொடங்கினார். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று சாப்பாட்டுப் பொருளுக்கெல்லாம் கட்டுப்பாடு இருந்த காலம். கேட்டில் பையைச் சோதிப்பார்கள். அவர் வேதப்புத்தகத்தையும் சைக்கிள் பம்பையும் தவிர எதுவும் கொண்டுவரமாட்டாராம். முதல்நாள் கடைசி லயத்துக்கு வந்து, படியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டு, "தாகமா இருக்கும்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாராம். பித்தளை டம்ளரை எடுக்கப் பயந்து தகரக் குவளையில் கொடுத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாராம்.

"ரெண்டாவது குவளையும் கேட்டாரு புள்ள. அதான்."

"அதுக்காகவா வேதத்துக்கு வந்தீங்க?"

"வேற எதுக்கு? அவரு பிரசங்கம் யாருக்குப் புரிஞ்சிச்சு?"

பிறகு ஏதோ நினைத்தவராய், "நீ சக்காய்ங்க கிட்டதான போன" என்றார். அது வசைச்சொல் பாட்டி, அப்படிச் சொல்லக் கூடாது என்றேன். பாட்டி சிரித்தார். "எங்களக் கெலிங்னு கூப்பிட்டாங்க. நாங்க அவங்கள சக்காய்னு கூப்பிட்டோம். நீங்க கூப்பிடாதீங்க. ஆனா குடிச்சிருக்கணும்."

*

அதன் பிறகு நான் கொஞ்ச நாள் பைபிளை வேறு மாதிரி படித்தேன். லூக்கா பத்தாம் அதிகாரத்தை எங்கள் மிஷன் ட்ரிப் தியானங்களில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். இயேசு எழுபது பேரை இரண்டிரண்டாக அனுப்புகிற இடம். அறுவடை மிகுதி என்ற பகுதிதான் எங்கள் பேனர்களில் வரும். அதற்குச் சற்றுக் கீழே இருப்பது வராது. பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம், செருப்பும் வேண்டாம். எந்த வீட்டில் ஏற்றுக்கொள்கிறார்களோ அந்த வீட்டிலேயே தங்கி, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள், குடியுங்கள் என்கிறார். நாங்கள் மூன்று ஃபோர்வீல் நிறையச் சாமானோடு போனோம். அனுப்பப்பட்டவன் வெறுங்கையோடு போனால் அந்த ஊரை நம்பித்தான் அன்றைய பசி ஆற வேண்டும். எங்களை அந்த ஊர் நம்பியிருந்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

யோவான் நாலாம் அதிகாரமும் அப்படித்தான். யூதர் சமாரியரோடு சம்பந்தம் வைக்காத காலத்தில், கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார். கேட்டதைத்தான் யோவான் எழுதுகிறார். குடித்ததாக எழுதவே இல்லை. இதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் பாட்டியிடம் போய்ச் சொன்னேன். "குடிச்சிருப்பாரு. குடிக்காமலா அவ ஊருக்குள்ள அப்படி ஓடுனா?" என்றார்.

நான் படித்த இறையியல் புத்தகங்களில் இந்த விளக்கம் இல்லை. ஆனால் தமிழ்ச் சபை வரலாற்றில் இந்தக் கேள்வி இருக்கிறது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி வேறுபாடு முற்றாக ஒழிய வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். எங்கே உட்காருவது, திருவிருந்தில் யாருக்குப் பிறகு யார் பாத்திரத்தில் வாய் வைப்பது என்பதெல்லாம் அந்தச் சண்டையில் இருந்தது. நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கங்களுக்காக வாதாடி எழுதியவர். இருநூறு வருடமாக நம் விசுவாசம் ஒரு பாத்திரத்தின் விளிம்பில் வந்து தயங்கி நிற்கிறது.

எனக்கு இருந்தது சாதித் தயக்கம் இல்லை, சுகாதாரக் கவலைதான் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். கிராணி வீட்டம்மாவும் தனக்குள் ஏதாவது ஒரு நல்ல காரணத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார். ஊற்றப்பட்ட காப்பியைப் பார்த்தவருக்குக் காரணம் கேட்காது.

எங்கள் சபைச் சாப்பாட்டு மேசையையும் அதன் பிறகுதான் கவனித்தேன். யாருடைய சட்டி முதலில் காலியாகிறது, யாருடைய சட்டி கனத்தோடு வீட்டுக்குத் திரும்புகிறது என்று. மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் ஓர் ஆன்ட்டி ஒவ்வொரு மாதமும் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவார். ஒவ்வொரு மாதமும் அதில் பாதிக்கு மேல் திரும்பிப் போகும். யாரும் எதுவும் சொல்வதில்லை. எல்லாரும் சிரிப்போம், "ஆன்ட்டி வாசமா இருக்கு" என்போம். நானும் பல வருடம் அந்தச் சட்டியைத் தாண்டித்தான் பிரியாணிக்குப் போயிருக்கிறேன். ஆராதனையில் நாங்கள் எல்லாரும் சகோதர சகோதரிகள். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும், தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து மலேசியாவில் பிறந்த பையனிடம், "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். கிள்ளான் என்று பதில் சொன்னால் அது பதிலாக எடுத்துக்கொள்ளப்படாது. பதினெட்டுப் பேர் ஐந்தாறு மணி நேரம் பயணம் செய்து அன்பாக மறுப்பதற்கு முன்னால், கீழ்மண்டபத்திலேயே நாங்கள் அதை நன்றாகப் பழகியிருந்தோம்.

இதை வாலிபர் கூட்டத்தில் ஒருமுறை சொல்லப் பார்த்தேன். சொல்லும்போது மற்றவர்களைக் குற்றம்சாட்டுவது போல் ஆகிவிட்டது. ஒரு தம்பி, "அக்கா, அப்ப அரிசி கொண்டுபோகாம சும்மா போய்த் தின்னுட்டு வந்தா ஊழியமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அன்று என்னிடம் பதில் இல்லை.

*

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஓராங் அஸ்லி கிராமங்கள் சில, வழியை மறித்து வெளியாட்களை உள்ளே விடாமல் தடுத்ததாகச் செய்தி படித்தேன். கிருமி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதற்கடுத்த வருடம் பாட்டி இறந்துபோனார். அடக்க ஆராதனைக்கு முப்பது பேருக்கு மேல் வர முடியவில்லை. கருவாட்டுக் குழம்பு ஆன்ட்டி வந்திருந்தார். ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து எங்கள் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். இரண்டாவது குவளையும் வாங்கிக் குடித்தேன். அவருக்கு அதன் அர்த்தம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

2023இல் மீண்டும் அந்தக் கிராமத்துக்குப் போனேன். சபை ட்ரிப்பாக இல்லை. அக்கா, நான், அந்தக் கேள்வி கேட்ட தம்பி, மூன்று பேர் மட்டும். பாக்சிக்குக்கு முன்பே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தோம். ஒரு பை அரிசியும் கொஞ்சம் மருந்தும் தவிர எதுவும் எடுத்துப் போகவில்லை. தம்பியின் கித்தாரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னது அக்கா.

அந்த அம்மா வீட்டில்தான் உட்கார்ந்தோம். என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மூங்கிலில் அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் குடும்பம் உயிர் பிழைத்தது இந்தக் கிழங்கில்தான் என்று பாட்டி சொல்வார். பாக்சிக்கிடம் அதைச் சொன்னேன். அவர் அப்பாவும் அவசரகாலத்தில் முள்வேலி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவராம். காட்டில் இருந்தவர்களை வேலிக்குள் அடைத்தபோது சூடு தாங்காமலும் நோயிலும் பலர் செத்துப்போனார்கள் என்றார். ஒரே வருடங்கள், ஒரே முள்கம்பி, இரண்டு மணி நேரத் தூரம்.

கிழங்கு தீரத் தீரப் பேச்சு வேறு பக்கம் போனது. மேலே மரம் வெட்டுகிறார்கள், மழை பெய்தால் குழாயில் மண் தண்ணீர் வருகிறது என்றார். நிலம் தங்கள் பெயரில் இல்லை என்றார். பூர்வகுடிகளுக்குத் தங்கள் பாரம்பரிய நிலத்தில் உரிமை உண்டு என்று 2002இல் சாகோங் தாசி வழக்கில் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அன்று வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க வேண்டியிருந்தது. 2013இல் அக்கா வந்தபோதும், 2019இல் நான் வந்தபோதும் அவர் இதையெல்லாம் சொல்லவில்லை. "நீங்கள் கேட்கவில்லை. வந்தீர்கள், பாடினீர்கள், கொடுத்தீர்கள், போனீர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தம்பி கையில் கிழங்கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவன் கேள்விக்குக் கொஞ்சம் பதில் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது அந்த அம்மா தகரக் குவளையில் தே ஓ கொண்டுவந்தார். அதே குவளையா என்று தெரியாது. ஓரத்தில் எனாமல் உதிர்ந்திருந்தது. என் கையில் கொடுத்துவிட்டு இந்த முறை திரும்பவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். இனிப்பு அதிகம், புகை வாசம். "தம்பா?" என்று கேட்டார். இன்னும் வேண்டுமா என்று. வேண்டும் என்றேன். அவர் சிரித்ததைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு அவர் என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டினார். அக்காவின் 2013 நடுவில் கிழிந்துபோயிருந்தது. அடுத்த முறை வரும்போது ஒரு பேனர் கொண்டுவா, பெரியதாக, என்றார்.

கிள்ளானுக்கு வந்ததும் நாங்கள் வழக்கமாகப் பேனர் அடிக்கும் கடைக்குப் போனேன். இருபதடி வேண்டும், தடிமனான துணி என்றேன். கடைக்கார அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்து பழைய டிசைனை எடுத்தார். சூரிய உதயம் வந்தது.

"அதே வசனம்தானா? வருசம் மட்டும் மாத்தணுமா?"

"ஒண்ணும் எழுத வேணாம்ண்ணே. சும்மா வெறுசா குடுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எழுத்து வேணாம்னா இங்க ஏன் வந்த? ஹார்ட்வேர் கடைக்குப் போ. கேன்வாஸ்னு கேளு, பாதி விலைக்குக் கிடைக்கும்."